படுக்கச் சொல்வதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவை

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 36, இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சுகப்பிரசவம். மூன்று மாதமாக வெள்ளைப்படுகிறது, கணவரோடு சேர்ந்த மறுநாள் துணியில் லேசாக ரத்தம் தெரிகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார், "உள்ள பாக்கணும், ஏறிப் படுங்க" என்று சொன்னதும் கைகால் உதறலெடுத்து, "நாளைக்கு வர்றேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டார். பதினைந்து நாளாகிறது. உள்ளே என்ன செய்வார்கள், வலிக்குமா, ஆம்பளை டாக்டராக இருந்தால் என்ன பண்ணுவது, பார்த்துவிட்டு புற்றுநோய் என்று சொல்லிவிட்டால் என்ன ஆவது என்பதுதான் கேள்வி. போகிற போக்கில் கடைசி வரியில் "என் மாமியாருக்கும் என்னமோ கீழே இறங்குதுன்னு சொல்றாங்க" என்று எழுதியிருக்கிறார், அதற்கும் வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் மகளிர் ஓபியில், அந்தப் பரிசோதனைப் படுக்கைக்குப் பக்கத்தில், படுத்திருக்கிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற காலம். அதனால் டாக்டர் பக்கம் இருந்து பார்ப்பதைவிட தலைமாட்டுப் பக்கம் இருந்து பார்த்தது எனக்கு அதிகம். அதைத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு எழுந்து வந்ததற்காக வெட்கப்படாதீர்கள். கல்லூரியில் பாடம் நடத்துகிற பெண்கள்கூட அந்தத் திரைக்குப் பின்னால் வந்ததும் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என்ன செய்யப் போகிறார்கள் என்று யாரும் சொல்லாமல், இடுப்புக்குக் கீழே துணியில்லாமல், தெரியாத ஆள் முன்னால் படு என்றால் யாருக்கும் உதறத்தான் செய்யும். படுக்கச் சொன்னவர்கள் அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். ஓபியில் கூட்டம் நெரிகிற நாளில் அந்த ஐந்து நிமிடம்தான் முதலில் பறிபோகிறது, நானே எத்தனையோ நாள் அப்படிச் செய்திருக்கிறேன்.

ஆனால் திரும்பப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். சேர்ந்த பிறகு ரத்தம் படுவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணம்தான் இருக்கும். கர்ப்பப்பை வாயில் கிருமித் தொற்று இருக்கலாம், பாலிப் என்கிற சின்னச் சதைத் துண்டு தொங்கலாம், அல்லது வாயின் உள்பக்கத்து மெல்லிய சவ்வு வெளிப்பக்கம் பரவி தொட்டாலே கசிகிற மாதிரி இருக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் "கர்ப்பப்பை வாய் புண்ணா இருக்கு" என்று அவசரத்தில் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், கேட்ட பெண் அதைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் அழுகிறாள். அதே சமயம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் ஆரம்பத்தில் இப்படிக் காட்டலாம், இதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எது என்று வெளியிலிருந்து பார்த்து எந்தப் பெரிய டாக்டராலும் சொல்ல முடியாது. மருந்துக்கடையில் "வெள்ளைப்படுதலுக்கு" என்று கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரையாலும் தெரியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

சரி, எப்போது போவது? தீட்டு நின்று நாலைந்து நாள் கழித்துப் போனால் நல்லது. போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து கணவரோடு சேர வேண்டாம், உள்ளே வைக்கிற மாத்திரை, களிம்பு எதுவும் வேண்டாம். ஆனால் ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்படியே போகலாம், டாக்டர்கள் தினமும் பார்ப்பதுதான். முடி எடுத்துவிட்டுப் போக வேண்டுமா என்று வாய்விட்டுக் கேட்கிறவர்கள் குறைவு, மனசுக்குள் எல்லோரும் கேட்கிறார்கள். எடுக்க வேண்டியதில்லை. சாதாரணமாகக் குளித்துவிட்டுப் போனால் போதும். சுத்தமாகப் போக வேண்டும் என்று டெட்டாலை வெந்நீரில் கலந்து உள்ளே வரைக்கும் கழுவிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், திரையை விலக்கியதுமே வாசனை சொல்லிவிடும். உள்ளே சிவந்து எரிந்து கிடக்கும், எடுக்கிற சாம்பிளும் உருப்படியாக வராது. களையெடுப்பிலிருந்து நேராக, காலில் சேறு காயாமல் வந்தவர்களையும் பார்த்திருக்கிறோம், ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, வெந்நீர் கொடுத்துக் காலைக் கழுவச் சொல்வோம், அவ்வளவுதான். சேலையோ பாவாடையோ கட்டிப் போனால் வசதி, இடுப்பு வரை மேலே தூக்கினால் போதும். சுடிதார் என்றால் கால்சட்டையை முழுதாகக் கழற்ற வேண்டியிருக்கும், மேலே நீளமான டாப்ஸாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நடப்பது பேச்சுதான். பலரும் இதை எண்ணுவதே இல்லை, ஆனால் பாதிப் பரிசோதனை இங்கேயே முடிந்துவிடுகிறது. கடைசியாகத் தீட்டு வந்த தேதி கேட்பார்கள். நம் ஊரில் தலைக்குக் குளித்த நாளைத் தேதியாகச் சொல்கிற பழக்கம் இருக்கிறது, டாக்டர் கேட்பது ரத்தம் முதலில் பட்ட நாளை. இந்த மூன்று நாலு நாள் வித்தியாசத்தில் கணக்கு தப்பிவிடும், அதனால் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா, வெள்ளைப்படுவது என்ன நிறம், வாடை இருக்கிறதா, அரிக்கிறதா, சேரும்போது வலி உண்டா, குடும்பக்கட்டுப்பாடு செய்தாயிற்றா, காப்பர் டி இருக்கிறதா, சுகர் தைராய்டு உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். கலைந்ததோ கலைத்ததோ உண்டா என்றும் கேட்பார்கள்.

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் உண்மை வெளியே வராது. மேலூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தார், டாக்டர் இதைக் கேட்டதும் கூட நின்ற மாமியார் முந்திக்கொண்டு "எங்க வீட்டுல அதெல்லாம் இல்லீங்க" என்றார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். நான் "ஆத்தா, கவுண்டர்ல இந்தச் சீட்டுக்கு ஒரு சீல் வாங்கிட்டு வாங்க" என்று மாமியாரை வெளியே அனுப்பினேன். அவர் வாசலைத் தாண்டிய அடுத்த நிமிடம், இரண்டு மாதத்துக்கு முன்னால் மருந்துக்கடையில் கணவர் வாங்கிக் கொடுத்த மாத்திரை, அதிலிருந்து விட்டுவிட்டுப் போகிற ரத்தம், எல்லாம் வந்துவிட்டது. கூட வருகிறவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் இந்தக் கேள்விகளின்போது வெளியே இருக்கட்டும். "நான் தனியா பேசணும் டாக்டர்" என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். மறக்காமல் போங்கள், பை நிரம்பியிருந்தால் அழுத்தும்போது அவஸ்தையாக இருக்கும், கர்ப்பப்பையும் கைக்குச் சரியாகத் தட்டுப்படாது.

படுக்கையில் மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, தொடைகளை இரண்டு பக்கமும் தளர விட வேண்டும். சில இடங்களில் காலைத் தூக்கி வைக்க இரண்டு பக்கமும் கம்பி இருக்கும். மேலே ஒரு துணி போர்த்துவார்கள், போர்த்தவில்லை என்றால் கேளுங்கள். முதலில் வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள், அதன் பிறகு வெளிப்பக்கம் புண், கட்டி, வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார்கள்.

அடுத்தது ஸ்பெகுலம். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், அதனால் இதை நன்றாகச் சொல்கிறேன். எவர்சில்வர் கருவி, பிளாஸ்டிக்கிலும் வருகிறது. ஒரு வகை வாத்தின் அலகு மாதிரி இரண்டு தகடாக இருக்கும், மூடியபடி உள்ளே வைத்து மெதுவாகத் திறந்து ஒரு திருகை முடுக்குவார்கள், அந்த "டக்" சத்தம் உங்களுக்கும் கேட்கும், பயப்பட வேண்டாம், அது தகடு நகராமல் நிற்பதற்கு. இன்னொரு வகை இரண்டு முனையும் வளைந்த தகடு, நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அதிகம் பார்ப்பது இதுதான், பேர் சிம்ஸ். எதுவானாலும் அதில் வெட்டுவதற்கோ குத்துவதற்கோ எதுவும் கிடையாது, முனைகளெல்லாம் மழுங்கலாக உருண்டிருக்கும். யோனிச் சுவர் இரண்டும் சாதாரணமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதை விலக்கிப் பிடித்தால்தான் கடைசியில் இருக்கிற கர்ப்பப்பை வாய் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு வேலைக்குத்தான் இந்தக் கருவி. ஒவ்வொருவருக்கும் நீராவியில் கிருமி நீக்கியதைத்தான் எடுக்க வேண்டும், சந்தேகமிருந்தால் "புதுசா எடுத்ததா சிஸ்டர்?" என்று கேட்கலாம், கோபித்துக்கொள்கிற கேள்வியில்லை.

உங்களுக்குத் தெரிவது என்ன? முதலில் சில்லென்று இருக்கும். பிறகு ஓர் அழுத்தம், விரிந்து கொடுக்கிற மாதிரி ஓர் உணர்வு, சிலருக்கு வெளிக்குப் போக வேண்டும் போலக்கூட இருக்கும். இரண்டு பிள்ளை பெற்ற உங்களுக்குப் பெரும்பாலும் அதற்கு மேல் இருக்காது. தொற்று இருந்தால் எரியலாம், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். வலிக்கவே வலிக்காது என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை, கொடுத்துவிட்டு வலித்தால் அந்தப் பெண் அடுத்த தடவை யாரையும் நம்ப மாட்டாள்.

வலியைக் கூட்டுவது பெரும்பாலும் இறுக்கம்தான். பேரையூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் எனக்கு இன்றைக்கும் ஞாபகத்தில் இருக்கிறார். படுத்ததும் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இடுப்பை மேலே தூக்கிவிட்டார், கால் விரல்கள் மெட்டியோடு சேர்ந்து உள்ளே மடங்கிக் கிடந்தன. டாக்டர் விரலைக்கூட வைக்கவில்லை, "வலிக்குதுங்க" என்கிறார். நான் டாக்டரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, அவர் வயிற்றில் கையை வைத்து, "யக்கா, வாயைத் திறந்து ஊதுங்க, அடுப்பு ஊதுற மாதிரி" என்றேன். இரண்டு ஊதல் ஊதினார், வயிறு என் கைக்குக் கீழே தளர்ந்தது, இடுப்பு தானாக மெத்தையில் உட்கார்ந்தது. கருவி உள்ளே போனது அவருக்குத் தெரியவே இல்லை, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. பல்லைக் கடித்தால் கீழே உள்ள தசையும் சேர்ந்து இறுகும், வாயைத் திறந்து மூச்சை விட்டால் அதுவும் விடும். பிட்டம் மெத்தையில் ஒட்டியிருக்கட்டும், உள்ளங்கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், கருவி நுழையும்போது லேசாக ஒரு இருமல் இருமினாலும் சரிதான்.

சிம்ஸ் என்று பேர் சொன்னேன் இல்லையா, அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஜே. மேரியன் சிம்ஸ் அமெரிக்காவில் அலபாமாவில் வைத்தியம் பார்த்த மருத்துவர். 1840-களில் பிரசவத்தில் கிழிந்து சிறுநீர் ஒழுகிக்கொண்டிருந்த அடிமைப் பெண்கள் மேல், மயக்க மருந்து கொடுக்காமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து தன் முறையைக் கண்டுபிடித்தார். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பேருடைய பேர்கள் மட்டும் நமக்குத் தெரிகின்றன. அனார்க்காவுக்கு மட்டும் ஏறக்குறைய 30 தடவை அறுவை நடந்தது. நியூயார்க்கில் நின்ற அவர் சிலையை 2018-இல் எடுத்துவிட்டார்கள். அடிமைகளாக இருந்த அந்தப் பெண்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையே கிடையாது. அந்தக் கருவியைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் "செய்யலாமா அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கர்ப்பப்பை வாய் தெரிந்ததும், முதலில் கண்ணால் பார்ப்பார்கள். பாலிப் இருந்தால் அப்போதே தெரியும். பிறகு சாம்பிள் எடுக்கலாம். பாப் ஸ்மியர் என்றால் ஐஸ் குச்சி மாதிரி ஒரு மரக்குச்சியும் சின்னப் பிரஷ்ஷும் வைத்து வாயைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி லேபுக்கு அனுப்புவார்கள். சுரண்டுகிற மாதிரி இருக்கும், சில நொடிதான். இன்னொன்று, ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாகச் செய்வது, அசிட்டிக் அமிலப் பரிசோதனை. வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான், 3 முதல் 5 சதவீதம். பஞ்சில் நனைத்து கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பார்கள், கொஞ்சம் சுரீர் என்று இருக்கும். மாறுபட்ட செல்கள் இருக்கிற இடம் வெள்ளையாக எழும்பும். வெள்ளை எழும்பிவிட்டால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, தொற்றிலும் எழும்பும், பல வருடம் கழித்து புற்றுநோயாக மாறக்கூடிய நிலையிலும் எழும்பும், அதைப் பெரிய ஆஸ்பத்திரியில் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்வார்கள்.

இந்தச் சின்னப் பரிசோதனை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அத்தாட்சி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை ஆஸ்பத்திரியோடு சேர்ந்து, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. பஞ்சாயத்துகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 31,000-க்கும் அதிகமான பெண்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இந்தப் பரிசோதனை. செய்தது பயிற்சி பெற்ற நர்ஸுகள். முடிவு 2007-இல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையில் வந்தது, பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்கிற கணக்கு இது, வெயிலில் பஸ் பிடித்து வந்து படுத்த நம் பக்கத்துப் பெண்கள் கொடுத்தது. இப்போது அரசுத் திட்டத்திலேயே 30 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளச் சொல்கிறார்கள், இலவசம். ஆனால் உங்களுக்கு ரத்தம் படுவதால் இது மட்டும் போதாது, இது சரியாக இருந்தாலும் காரணம் தெரிகிற வரை டாக்டர் பார்த்தாக வேண்டும்.

ஸ்பெகுலத்தை எடுத்த பிறகு கை வைத்துப் பார்ப்பது, நாங்கள் சீட்டில் "பிவி" என்று எழுதுவோம். கையுறை போட்டு, ஜெல் தடவி, இரண்டு விரலை உள்ளே வைத்து, மற்றக் கையால் அடிவயிற்றை மேலிருந்து அழுத்துவார்கள். இரண்டு கைக்கும் நடுவில் கர்ப்பப்பை மாட்டும், அதன் அளவு, கட்டி ஏதும் இருக்கிறதா, அசைத்தால் வலிக்கிறதா, இரண்டு பக்கமும் சினைப்பையில் வீக்கம் உண்டா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. "எங்க வலிக்குது?" என்று கேட்டால் பொறுத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்லாதீர்கள். நம் பெண்களுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை, வலிக்கிற இடத்தைச் சொல்வதுதான் இங்கே டாக்டருக்கு நீங்கள் கொடுக்கிற முக்கியமான தகவல்.

ஸ்கேனும் எழுதலாம். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேன் என்றால் தண்ணீர் குடித்து முட்ட முட்ட இருக்க வேண்டும், உள்ளே வைத்துப் பார்க்கிற ஸ்கேன் என்றால் சிறுநீர் கழித்துவிட வேண்டும். இரண்டாவதில் விரல் தடிமன் கருவிக்கு ஆணுறை மாட்டி ஜெல் தடவி வைப்பார்கள். எந்த ஸ்கேன் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுத் தவித்து நிற்க வேண்டியிருக்காது.

இப்போது ஆம்பளை டாக்டர் விஷயம். பெண் டாக்டர் வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம், பெரும்பாலும் கிடைப்பார்கள். ஆண் டாக்டர்தான் என்றால் கூடவே ஒரு பெண் இருந்தாக வேண்டும், மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இது இருக்கிறது. நர்ஸ் யாரும் இல்லை என்றால் "சிஸ்டர் வந்ததும் பாத்துக்கலாம் சார்" என்று எழுந்து உட்காருங்கள். நல்ல டாக்டர்கள் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்கள், அவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் இன்னொன்றும் இருக்கிறது, அது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, மாணவர்கள் நிற்பார்கள். அவர்கள் படிக்கத்தான் வேண்டும், ஆனால் உங்களிடம் கேட்டுவிட்டு நிற்க வேண்டும். வேண்டாம் என்றால் "டாக்டர் மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லுங்கள், அதனால் வைத்தியத்தில் குறை வைக்கக் கூடாது.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு 31 வயதில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. கதவு பாதி திறந்திருந்தது, வராந்தாவில் ஆட்கள் போவது படுத்த இடத்திலிருந்து தெரிந்தது. போர்வை இல்லை. டாக்டர் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கருவியை வைத்தார். நான் நர்ஸ், அடுத்து என்ன வரும் என்று அத்தனையும் தெரிந்தவள், அப்படியும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து சேலையை மாற்றக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஓபிக்குப் போனதும் முதல் வேலையாகத் திரைத்துணியின் கிழிசலைத் தைத்தேன். அதற்குப் பிறகு என் கைக்கு வந்த எந்தப் பெண்ணையும் "இப்ப தொடப் போறாங்க, இப்ப குளிரும், இப்ப அழுத்தும்" என்று சொல்லாமல் யாரையும் தொட விட்டதில்லை. உங்களுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், "ஒவ்வொண்ணா சொல்லிட்டுச் செய்யுங்க டாக்டர், எனக்குப் பயம்." நடுவில் தாங்க முடியவில்லை என்றால் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள், நிறுத்தித்தான் ஆக வேண்டும். சின்ன அளவு ஸ்பெகுலமும் இருக்கிறது, கேட்டால் எடுப்பார்கள்.

இதைப் படிக்கிற கல்யாணமாகாத பெண்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் "கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்பது, நம் ஊர் வழக்கப்படி, உடலுறவு உண்டா என்று சுற்றிக் கேட்பதுதான். இல்லை என்றால் சாதாரணமாக உள் பரிசோதனை செய்ய மாட்டார்கள், வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்தே பெரும்பாலும் பார்த்துவிடலாம். உண்டு என்றால், அம்மா இல்லாத நேரம் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுங்கள், வைத்தியத்துக்கு அது வேண்டும். கன்னித்தன்மையைக் கண்டுபிடிக்க இரண்டு விரல் சோதனை என்று ஒன்று காலங்காலமாக நடந்து வந்தது, மருத்துவத்தில் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. 2022-இல் நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்யச் சொன்னது, அதே வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதைச் செய்கிறவர்கள் நடத்தைத் தவறு செய்தவர்கள் என்று சொல்லிவிட்டது.

முடிந்த பிறகு துடைக்கப் பஞ்சோ துணியோ கொடுப்பார்கள். ஒரு நாப்கின் பையில் கொண்டுபோங்கள், ஒன்றிரண்டு நாள் லேசாகக் கறை படலாம். நிறையப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ திரும்பப் போக வேண்டும். ஸ்மியர் எடுத்தால் ரிசல்ட்டுக்கு எந்தத் தேதியில் யாரிடம் வர வேண்டும் என்று சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள், எடுத்துவிட்டு ரிசல்ட் வாங்க வராமல் போனவர்களின் சீட்டுகள் எங்கள் மேஜையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். "இன்ஃப்ளமேட்டரி" என்று வந்திருந்தால் அது அழற்சி, பெரும்பாலும் மருந்திலேயே சரியாகிவிடும். சந்தேகம் இருந்தால் அரிசி அளவு சதை எடுத்து அனுப்புவார்கள், கிள்ளுகிற மாதிரி இருக்கும். உடலுறவில் பரவுகிற தொற்று என்று மருந்து கொடுத்தால் கணவருக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள், அவர் சாப்பிடாமல் நீங்கள் மட்டும் சாப்பிட்டால் திரும்ப வந்துவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வெள்ளைப்படுகிறது, கர்ப்பப்பை வாய் புண்ணாக இருக்கிறது என்ற இரண்டை மட்டும் காரணம் காட்டி "ரெண்டு பிள்ளை ஆயிருச்சுல்ல, கர்ப்பப்பையை எடுத்துருவோம்" என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். ஸ்மியர் ரிசல்ட், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை ரிசல்ட், இவை கைக்கு வராமல், வேறு ஒரு டாக்டரிடம் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். நாற்பது வயதுக்குள் இப்படி எடுத்துவிட்டு பத்து வருடத்தில் எலும்பு தேய்ந்து வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் மாமியார். வயதை நீங்கள் எழுதவில்லை, அறுபதை ஒட்டி இருக்கலாம் என்று நினைக்கிறேன். அது அடியிறக்கமாக இருக்கலாம். நாலைந்து பிரசவம், பச்சை உடம்போடு தண்ணிக்குடம், தலைச்சுமை, இதெல்லாம் சேர்ந்து கர்ப்பப்பையைத் தாங்குகிற தசை தளர்ந்து இறங்கிவிடுகிறது. துணியைச் சுருட்டி அடை கொடுத்துக்கொண்டு, உட்காரும்போது கையால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டு, பதினைந்து வருடம் பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். உங்களிடம் அவர் வாய் திறந்ததே பெரிய விஷயம். அவருக்குப் பரிசோதனை இன்னும் சுலபம், படுத்தபடி இருமச் சொல்வார்கள், முக்கச் சொல்வார்கள், எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள், ஒருவேளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி சிம்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். இருமும்போது சிறுநீர் சிந்தினால் வெட்கப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதைத் தெரிந்துகொள்ளத்தான் இருமச் சொல்கிறார்கள். அந்த வயதில் உள்ளே வறண்டிருக்கும், ஜெல் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் என்று கிடையாது, இடுப்புத்தசைக்குப் பயிற்சி இருக்கிறது, உள்ளே வைக்கிற ரிங் இருக்கிறது. தீட்டு நின்றுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் எப்போதாவது பட்டதா என்று தனியாக அவரிடம் கேளுங்கள், பட்டிருந்தால் அதை முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போங்கள், காலையிலேயே. ஓபி சீட்டு இரண்டு தனித்தனியாகப் போட்டு, உள்ளே ஒவ்வொருவராகப் போங்கள். அவர் படுத்திருக்கும்போது அவர் கூப்பிட்டால் மட்டும் தலைமாட்டுப் பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் முறை வரும்போது அவர் வெளியே பெஞ்சில் இருக்கட்டும்.